ரெண்டு தரம்

“என் நாக்கு செத்துப்போச்சாம். ஆள் நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், நாக்கு மட்டும் தனியா எப்படிச் செத்துச்சுன்னு நீதாம்மா கண்டுபிடிக்கணும்” என்றார் அந்த அம்மாள்.

அவர் கேட்டது என்னை அல்ல, அண்ணியை. அண்ணி என் அண்ணனின் மனைவி. அடுப்படியை அண்ணன் தலையில் கட்டிவிட்டுத் துப்பறியக் கிளம்பியவர். வேலை தேடி நான் அலைந்துகொண்டிருந்தபோது, ‘கிடைக்கிற வரைக்கும் என்கூட வா’ என்று கூப்பிட்டார். இன்னும் கிடைக்கவில்லை. அதனால் அவருடைய கைப்பையைத் தூக்குவது, கார் ஓட்டுவது, கேட்கக்கூடாத இடத்தில் வாயைத் திறப்பது என்று மூன்று இலாகாக்களும் என் பொறுப்பில் இருக்கின்றன.

வந்திருந்த அம்மாளைத் தொழிலில் எல்லோரும் சுருட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காதோடு வெட்டிய நரைமுடி, ஆம்பளைச் சட்டை, அறுபதை எட்டிப் பார்க்கும் வயது. ஊரின் பெரிய சுருட்டுக் கம்பெனியில் தலைமை ருசி பார்ப்பவர். அவர் இழுத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பெட்டியின் மூடியில் அவர் பெயர் போட்ட முத்திரை விழும். அந்த முத்திரை விழுந்தால் வாங்குபவர்கள் பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

“என்னம்மா நடந்தது? முதல்லேருந்து சொல்லுங்க” என்றார் அண்ணி.

“கம்பெனியோட வெள்ளி விழாவுக்குன்னு ஒரு ஸ்பெஷல் சுருட்டு போடுறாங்க. விலையைக் கேட்டா உனக்கு மயக்கம் வரும். போன வாரம் ருசி பாக்கக் கொடுத்தாங்க. முதல் இழுப்புலயே தெரிஞ்சுபோச்சு, இது நம்ம இலை இல்ல. முத்திரை போடமாட்டேன்னுட்டேன். மேனேஜர் சிரிக்கிறான். சரி, பரீட்சை வெச்சுப் பாத்துடலாம்னு முதலாளி சொன்னார். எல்லார் முன்னாலயும், லேபிளை உரிச்சுட்டு ரெண்டு சுருட்டு கொடுத்தாங்க. ஒண்ணு நம்மளது, அருமை. இன்னொண்ணு குப்பை. அப்படியே சொன்னேன்.”

“அப்புறம்?”

“ரெண்டும் ஒரே பெட்டியிலேருந்து எடுத்ததுன்னு சொல்லி மேனேஜர் பெட்டியைத் தூக்கிக் காட்டினான். நாலு பேர் சாட்சி. ஒரே பெட்டிச் சுருட்டை ஒண்ணு அருமை, ஒண்ணு குப்பைன்னு சொல்றவளுக்கு நாக்கு எப்படி இருக்கும்? செத்துப்போச்சுன்னு அங்கேயே தீர்ப்பு சொல்லிட்டாங்க.”

“வயசானா கொஞ்சம் அப்படி இப்படி...” என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை மென்று முழுங்கினேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து என் முன்னால் நீட்டினார். “இது பழைய சரக்கு, என்னோட சொந்தம். பாரு.”

விரல்களால் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக அமுக்கிக்கொண்டே போனார். எங்கேயாவது உள்ளே இலை இல்லாமல் பொள்ளலாக இருக்கிறதா என்று பார்ப்பதாம். நுனியைச் சிறு கத்தியால் வெட்டி, பற்றவைக்காமலே ஒரு தடவை இழுத்தார். பிறகு தீயைச் சுருட்டில் படாமல் காட்டி, அது தானாகச் சிவந்த பிறகு வாயில் வைத்தார். புகையை உள்ளே விழுங்கவில்லை. வாயிலேயே நிறுத்தி, கண்ணை மூடி, மெல்ல விட்டார். சாம்பலைத் தட்டவும் இல்லை. அது வெளுத்து, கெட்டியாக அப்படியே நின்றது.

“முதல்ல வறுத்த வேர்க்கடலை. பாதி வந்ததும் புதுச் செருப்பு வாசனை. கடைசியில மிளகு, அதுக்கும் பின்னால லேசா ஒரு தித்திப்பு. இது எங்க இலை. அன்னிக்கு ரெண்டாவதா கொடுத்தது ஈரத்துணியை இஸ்திரி போட்டா வர்ற வாசனை. சாம்பல் கறுப்பா உதிருது. பச்சக் குழந்தைகூடச் சொல்லும், ரெண்டும் வேற வேறன்னு.”

“பச்சக் குழந்தைக்கு ஏன் சுருட்டு கொடுக்கணும்” என்றேன். அண்ணி என் காலை மிதித்தார்.

“இன்னிக்கு சாயங்காலம் வியாபாரிங்க எல்லாரும் வர்றாங்க” என்றார் சுருட்டம்மா. “அவங்க முன்னால என் முத்திரையை வாங்கி மேனேஜர் கையில கொடுக்கப் போறாங்க. பேர் என்னோடது, குத்தப் போறது அவன். பென்ஷன் தர்றேன், மரியாதையா ஒதுங்கிக்கோங்கன்னு முதலாளி தன்மையாத்தான் சொல்றார்.”

“ஒதுங்கிட்டா என்ன?” என்று அண்ணி வேண்டுமென்றே கேட்டார்.

“ஒதுங்க மாட்டேன். வேலை போனா போகட்டும். என் பேர்ல குப்பை விக்க விட மாட்டேன். அந்தப் பேரைத் தவிர எனக்குன்னு வேற எதுவும் இல்லம்மா.”

கண் கலங்கவில்லை அந்த அம்மாளுக்கு. எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

*

கம்பெனி வாசலிலேயே மேனேஜர் எதிர்ப்பட்டார். இஸ்திரி கலையாத மனிதர். அண்ணி யார், எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தும் முகம் மாறவில்லை.

“தாராளமா விசாரிங்க மேடம். ஒரே பெட்டி. என் கையால எடுத்தேன், எல்லாரும் பாத்தாங்க. கைல வித்தை காட்டி மாத்திட்டேன்னு நினைச்சா, எங்க கணக்கரைக் கேளுங்க. பக்கத்துலயே நின்னாரு. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

மடியில் கனம் உள்ளவன் பேசுகிற மாதிரி இல்லை அது. எனக்குச் சுருதி இறங்கிவிட்டது. நடந்துகொண்டே, “அண்ணி, ஒருவேளை அந்தம்மாவுக்கு நிஜமாவே நாக்கு...” என்றேன்.

“பொய் சொல்லத் தெரியாதவரைச் சாட்சியா வெச்சிருக்கான் பாத்தியா?” என்றார் அண்ணி. “அப்போ அந்தச் சாட்சி சொல்றது உண்மைதான். உண்மையை வெச்சே ஏமாத்தியிருக்கான். எப்படின்னுதான் தெரியணும்.”

கணக்கர் தன் அறையில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் செல்போன் கவிழ்ந்து கிடந்தது. பார்வை அதைவிட்டு நகரவில்லை.

“ஒரே பெட்டிதாங்க” என்றார், அண்ணி கேட்பதற்கு முன்பே. “என் கண்ணால பாத்தேன். ரெண்டும் அதுலேருந்துதான் எடுத்தாரு. சுருட்டம்மா எனக்கு அக்கா மாதிரி. அவங்களுக்கு எதிராச் சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? ஆனா பாத்தது அதுதானே.”

“சரி சார். அந்தப் பெட்டி எங்க?”

“மேனேஜர் அன்னிக்கே என்கிட்ட கொடுத்து, பாய்லர்ல போடச் சொல்லிட்டாரு.”

“போட்டீங்களா?”

கணக்கர் வாயைத் திறந்தார், மூடினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பது ஊர்ஜிதமாயிற்று. அந்த நேரம் பார்த்து செல்போன் அதிர்ந்தது. அவர் எழுந்து நின்றுகொண்டு அதை எடுத்தார்.

“மாமா...”

ஸ்பீக்கரே தேவைப்படவில்லை. குரல் அறை முழுக்கக் கேட்டது. “மாப்பிள்ளை. ரெண்டு தரம்.”

அவ்வளவுதான், லைன் துண்டிக்கப்பட்டது. கணக்கர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“யாரு?” என்றார் அண்ணி.

“என் மாமனாருங்க. ரிட்டயர்டு ஏலக்காரரு. வீட்டுலயும் அதே பேச்சுதான், ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு. என்மேல என்னமோ கோவம். வீட்டுக்காரியையும் அங்கேயே நிறுத்தி வெச்சுக்கிட்டாரு. நேத்து போன் பண்ணி ‘ரெண்டு தரம்’னு சொல்லி வெச்சாரு. இன்னிக்கும் ரெண்டு தரம். மூணாவது தரம் சொல்லிட்டா சுத்தியலைத் தட்டிடுவாருங்க. அப்புறம் என் குடும்பம் என்ன ஆகும்?”

“முதல் தரம் எப்ப சொன்னாரு?” என்று கேட்டேன், அக்கறையாக.

“அதுதான் தெரியல. நான் வீட்ல இல்லாதப்போ சொல்லிட்டாரோ என்னவோ.”

அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். கணக்கருக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு மனிதன் குடும்பம் போகிறதே என்று கலங்கும்போது சிரிப்பது நாகரிகம் இல்லைதான். ஆனால் அண்ணி சிரித்தால் வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

“சார், எந்த ஏலக்காரராவது ரெண்டு தரத்தை ரெண்டு தரம் சொல்வாரா? அடுத்தது மூணுக்குப் போக வேண்டாமா?”

கணக்கர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

“உங்க மாமனாருக்குச் சுருட்டு பிடிக்குமா?”

கணக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். “அவ்ளோ விலை உயர்ந்த சரக்கு மேடம். ரெண்டே ரெண்டுதான் எடுத்திருந்தாங்க. நெருப்புல போட மனசு வரல. மாமாவுக்குக் கொடுத்தா கொஞ்சம் நல்ல பேர் எடுக்கலாமேன்னு... வாங்கினதாச் சொல்லிட்டேன். மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க.”

“தம்பி, காரை எடு” என்றார் அண்ணி.

*

ஏலக்காரர் கதவைப் பாதிதான் திறந்தார். மீசை பெரிது. கோபம் அதைவிடப் பெரிது.

“மாப்பிள்ளை அனுப்பின ஆளா? சமாதானம் பேச வந்திருந்தா அப்படியே திரும்பிடுங்க.”

“சமாதானம் இல்லைங்க. சுருட்டைப் பத்திக் கேக்க வந்தோம்” என்றார் அண்ணி.

கதவு முழுசாகத் திறந்தது. உள்ளே அவர் மகள், அதாவது கணக்கரின் மனைவி, ‘நீங்களாவது கேளுங்க’ என்பது போல் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஏலக்காரர் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, போட்டார்.

“நானா கேட்டேன்? அவனாத்தான் கொண்டாந்து கொடுத்தான். மேல் வரிசை இருக்கே, ராஜாங்கம். வாழ்நாள்ல அப்படி ஒண்ணு பிடிச்சதில்ல. ஊரெல்லாம் மாப்பிள்ளையைப் பத்திப் பெருமையா பேசினேன். அது தீர்ந்ததும் நடுவுல இந்தத் தகட்டைத் தூக்கிட்டு, கீழ இருக்கறதுல ஒண்ணை எடுத்துப் பத்தவெச்சேன். அன்னிக்கு வீட்ல, நான் யார்கிட்ட பெருமை அடிச்சேனோ அந்த ஆளுங்களே நாலு பேர் உக்காந்திருக்காங்க. இருமி இருமி கண்ணெல்லாம் தண்ணி.”

சுருட்டுப் பெட்டியில் இரண்டு வரிசைக்கும் நடுவே மெல்லிய மரத்தகடு ஒன்று இருக்கும். அண்ணி அதை எடுத்துப் பார்த்தார். அடியில் ஒரு வரிசை சுருட்டு அப்படியே இருந்தது. அதே நீளம், அதே பருமன், அதே தங்கநிற லேபிள்.

“நாப்பது வருஷம் ஏலம் விட்டவன் நான்” என்றார் அவர். “மேல நல்லதை அடுக்கி அடியில சொத்தையைப் போடற வித்தையெல்லாம் என்கிட்டயேவா? பொண்ணைக் கொடுத்த மாமனாருக்கு ஒரே பெட்டியில ரெண்டு தரம் வெச்சுக் கொடுக்கறான். அதைத்தான் போன்ல சொன்னேன். ரெண்டு தரம். பதில் பேசறானா பாருங்க, மாமாங்கறான், அதோட சரி.”

“ஐயா, அவரு நீங்க ஏலத்துல சொல்ற ரெண்டு தரம்னு நினைச்சுட்டு, மூணாவது தரத்துக்குப் பயந்து நடுங்கிட்டிருக்காரு” என்றேன்.

ஏலக்காரர் மீசையைத் தடவினார். கோபம் ஒரு படி இறங்கியது. “கீழ் வரிசையை மாத்தி வெச்சது அவன் இல்லையா?”

“இல்லைங்க. கம்பெனியில வரும்போதே அப்படித்தான்” என்றார் அண்ணி. “அவரை நெருப்புல போடச் சொன்னாங்க. மனசு வராம உங்களுக்குக் கொடுத்துட்டாரு.”

“நெருப்புல போட வேண்டியதை எனக்குக் கொடுத்தானா?” இறங்கிய கோபம் இரண்டு படியாக ஏறியது.

“அதை அப்புறம் பேசிக்கலாம், உங்களுக்கு உரிமை இருக்கு. இப்போ பெட்டியோட எங்ககூட வரணும். ஒரு அம்மாவோட பேர் இன்னிக்கு ஏலம் போகப் போகுது.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் காரில் ஏறினார்.

வழியில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். “அண்ணி, மேனேஜர் ரெண்டையும் மேல் வரிசையிலேருந்தே எடுத்திருந்தா இந்த வம்பே இல்லையே. எதுக்குக் கீழ கை விட்டான்?”

“யோசிச்சுப் பாரு. ரெண்டும் நல்லதாக் கொடுத்திருந்தா அந்தம்மா ரெண்டும் நம்மளதுன்னு சொல்லியிருப்பாங்க. பரீட்சையில பாஸ். அவங்களைத் தோக்கடிக்கணும்னா ரெண்டும் நிஜமாவே வேற வேறயா இருக்கணும், ஆனா ஊருக்கு ஒண்ணாத் தெரியணும். அவங்க நாக்கு சரியா இருக்குன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். அந்த நாக்கை நம்பித்தான் பரீட்சையே வெச்சான். சரியாச் சொன்னதுக்காகத் தோத்தவங்க அந்தம்மா ஒருத்தர்தான்.”

“பாவிப் பய” என்றார் பின்சீட்டிலிருந்து ஏலக்காரர்.

*

ஹாலில் வியாபாரிகள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பெட்டி மேசைமேல் இருந்தது. மூடியில் முத்திரை விழ வேண்டிய இடம் மட்டும் காலி. அடுத்த அறையில் முதலாளி, மேனேஜர், கணக்கர், சுருட்டம்மா. முத்திரை இன்னும் சுருட்டம்மாவின் கையில்தான் இருந்தது. விடாப்பிடியாகப் பிடித்திருந்தார்.

அண்ணி பெட்டியை முதலாளியின் முன்னால் வைத்து, தகட்டைத் தூக்கி, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். மாமனாரைப் பார்த்த கணக்கர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

“தகட்டைத் தூக்கித்தான் ரெண்டாவதை எடுத்தாரு” என்றார் கணக்கர், ஈனசுரத்தில். “அதுல ஒரு விஷயம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. ஒரே பெட்டியான்னு கேட்டாங்க, ஆமான்னேன்.”

மேனேஜர் அசரவில்லை. “இது வெளியே போன பெட்டி. இந்தப் பெரியவர் அடியில எதை வேணும்னாலும் வெச்சிருக்கலாம்.”

“வாஸ்தவம்” என்றார் அண்ணி. “ஹால்ல இருக்கற பெட்டியில ஒண்ணை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அடியில பாத்துடலாம்.”

மேனேஜர் நகரவில்லை. முதலாளியைப் பார்த்தார். மாட்டிக்கொண்டவன் பார்க்கிற பார்வை இல்லை அது. அடுத்து என்ன செய்யட்டும் என்று உத்தரவு கேட்கிற பார்வை. முதலாளி எழுந்துபோய், தன் கையாலேயே கதவைச் சாத்தினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் திருடன் வீட்டுத் திண்ணையிலேயே புகார் மனுவை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

“நம்ம இலை பாதிக்குத்தான் தேறுச்சு” என்றார் முதலாளி. குரலில் கொஞ்சமும் பதற்றம் இல்லை. “வெள்ளி விழாவைத் தள்ளிப்போட முடியுமா? வாங்கறவன் மேல் வரிசையைத்தான் பாப்பான். அதுல மனசு விழுந்துட்டா, கீழ இருக்கறதையும் நல்லா இருக்குன்னு அவனே சொல்லிக்குவான். எல்லாம் உங்க பேர் பண்ற வேலை. அம்மா, நடந்தது நடந்துபோச்சு. நாக்கு சரியாயிடுச்சுன்னு நானே வெளியில சொல்றேன். உங்க இடம் உங்களுக்குத்தான். வந்து முத்திரையைப் போடுங்க.”

“ஆக, என் நாக்கு நல்லா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் செத்துப்போச்சுன்னு சொன்னீங்க.”

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுருட்டம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷம் இவருக்கா உழைத்தோம் என்ற வலி அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கோபமும் சேர்ந்தே தெரிந்தது.

“இத்தனை நாள் உங்களுக்காக நான் துப்பின குப்பையெல்லாம் கொஞ்சமா? இதையும் துப்பிட்டுத்தான் போவேன்” என்று சொல்லிவிட்டு, சாத்திய கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குப் போனார்.

மேடையில் மைக் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. முன்வரிசை மேசையில் இருந்த பெட்டியைத் திறந்தார். மேல் வரிசையை வெளியே எடுத்து வைத்தார், தகட்டைத் தூக்கினார், அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். அமுக்கிப் பார்த்தார். வெட்டினார். பற்றவைத்து ஒரே ஒரு இழுப்பு.

“இது எங்க இலை இல்ல” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. “காயாத இலை, அவசரத்துல சுத்தினது. சாம்பலைப் பாருங்க, நிக்கல. மேல் வரிசை நிஜம், கீழ் வரிசை பொய். என் முத்திரை இந்தப் பெட்டிங்க மேல விழாது. நாளைக்கு எங்கயாவது விழுந்திருந்தா, அதைக் குத்தினது நான் இல்லைன்னு தெரிஞ்சுக்கோங்க.”

முதலாளி அவசரமாக மேடையேறி மைக்கைப் பிடித்தார். “மன்னிக்கணும். அம்மாவுக்கு வயசாயிடுச்சு. நாக்கு போன வாரமே...”

“அப்போ என் நாக்கை நம்ப வேண்டாம்” என்றார் சுருட்டம்மா. “உங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாக்கு இருக்குல்ல. தகட்டைத் தூக்குங்க.”

யாரும் அசையவில்லை. அப்போது பின்னாலிருந்து ஏலக்காரரின் குரல் வெடித்தது. “தூக்குங்கய்யா. நான் பட்டாச்சு.”

முதலில் ஓரத்து மேசையில் ஒரு தகடு எழும்பியது. பிறகு பக்கத்து மேசையில். அப்புறம் ஹால் முழுக்க மரத்தகடுகள் உரசுகிற சத்தம்தான். தீக்குச்சிகளைக் கிழித்தார்கள். யாரோ இருமினார்கள், வேறு யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். முதலாளி மைக்கில் “தயவுசெஞ்சு... ஒரு நிமிஷம்...” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை.

மைக்கை மறந்து அவர் சுருட்டம்மாவிடம் பல்லைக் கடித்தார். “இனிமே இந்தத் தொழில்ல யார் உங்களுக்கு ருசி பாக்கக் கொடுக்கறாங்கன்னு நான் பாக்கறேன்.”

மைக் மறக்கவில்லை. அது கடைசி நாற்காலிவரை கேட்டது.

முன்வரிசையிலிருந்த மூத்த வியாபாரி ஒருவர் எழுந்தார். தன் பெட்டியின் மேல் வரிசையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து, இரண்டு கையாலும் சுருட்டம்மாவிடம் நீட்டினார்.

“இதையாவது வாங்கலாமா? நீங்க பாத்துச் சொல்லுங்கம்மா.”

சுருட்டம்மா அதை வாங்கி மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“குப்பையை இழுத்த வாய். கொப்பளிக்காம அடுத்ததைத் தொட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். “வெறும் தண்ணி. ஒரு டம்ளர்.”

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் அத்தனை பேரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் எடுக்கப் போனார்.